அணுவிசையால் பறக்க முயன்ற விமானம்

வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், பல நாட்கள் தொடர்ந்து பறக்கும் விமானம் ஒன்றைச் செய்ய முடியுமா? 1946-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் படையினர் இக்கேள்வியை எழுப்பினர். முடியும் என்று நம்பியவர்கள் பதினைந்து ஆண்டுகள் உழைத்தனர். இது நடவாது என்று ஐயுற்ற விஞ்ஞானிகளும் அன்றே இருந்தனர். அவர்கள் எதைக் கண்டு ஐயுற்றார்கள்? அந்த ஐயம் நியாயமானதா? பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதை ஆராயலாம்.

ஆசை பிறந்த இடம்

ஒரு கிலோகிராம் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 43 மெகாஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் வெளிப்படுவதோ சுமார் 8 கோடி மெகாஜூல்! வகுத்துப் பாருங்கள். 18 லட்சம் மடங்குக்கும் அதிகம். அதாவது ஒரு கிலோகிராம் யுரேனியம் 1,800 டன்னுக்கும் மேற்பட்ட மண்ணெண்ணெய்க்குச் சமம். மிகப் பெரிய பயணி விமானங்களுள் ஒன்றான போயிங் 747 தன் தொட்டிகளில் கொள்ளும் எரிபொருள்கூட 200 டன்னுக்கும் குறைவுதான்.

அடுத்து, ஜெட் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்று நினைவுபடுத்திக் கொள்வோம். முன்புறம் நுழையும் காற்று அழுத்தப்படுகிறது, பிறகு சூடேற்றப்படுகிறது, சூடான காற்று விரிந்து பின்புறம் சீறிப் பாய்கிறது. அதன் எதிர்விளைவால் விமானம் முன்னே செல்கிறது. காற்றுக்குத் தேவை வெப்பம் மட்டுமே. அவ்வெப்பம் எண்ணெய் எரிவதால் வந்தால் என்ன, அணு உலையிலிருந்து வந்தால் என்ன?

இக்கருத்தில் பிழை ஏதும் இல்லை. 1956-ஆம் ஆண்டு ஜனவரியில், இடாஹோ மாநிலத்தில் தரையில் நிறுவப்பட்ட அணு உலை ஒன்று, தன் வெப்பத்தால் மட்டுமே ஜெட் எஞ்சினை ஓட்டிக் காட்டியது. ஆகவே எஞ்சின் ஓடுமா என்பதில் ஐயம் இல்லை. விமானம் பறக்குமா என்பதில்தான் ஐயம்.

கவசத்தின் எடை

அணு உலையிலிருந்து காமாக் கதிர்களும் நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. இவை உடலின் உயிரணுக்களைச் சிதைப்பவை. எனவே உலையைச் சுற்றிக் கவசம் வேண்டும்.

கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளின் காமாக் கதிர்களைப் பாதியாகக் குறைக்க, ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிமனுள்ள ஈயம் தேவை. இன்னொரு ஒன்றேகால் சென்டிமீட்டர் சேர்த்தால் அது கால் பங்காகும். மேலும் சேர்த்தால் அரைக்கால் பங்காகும். இவ்வாறு இருபது முறை பாதியாக்கினால், கதிர்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்போது ஈயத்தின் தடிமன் 25 சென்டிமீட்டர்.

இது அதிகமில்லையே என்று தோன்றுகிறதா? எடையைக் கணக்கிடுங்கள். உலையின் உட்பகுதி ஒரு மீட்டர் விட்டமுள்ள கோளம் எனக் கொள்வோம். அதைச் சுற்றி 25 சென்டிமீட்டர் ஈய ஓடு அமைத்தால், ஓட்டின் கன அளவு சுமார் ஒன்றேகால் கன மீட்டர். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 11.3 டன். ஆக, எடை 14 டன்! உலையின் விட்டம் இரண்டு மீட்டர் என்றால் அதே தடிமனுக்கு 45 டன் ஆகும்.

இதோடு முடியவில்லை. நியூட்ரான்களைத் தடுக்க ஈயம் உதவாது. கேரம் பலகையில் ஒரு காய் மற்றொரு காயை நேராக மோதினால், மோதிய காய் நின்றுவிடும். ஏனெனில் இரண்டின் நிறையும் சமம். அதே காய் பலகையின் சட்டத்தில் மோதினால், வேகம் அதிகம் குறையாமல் திரும்பிவிடும். நியூட்ரானின் நிறைக்கு ஏறத்தாழச் சமமானது ஹைட்ரஜன் அணுக்கரு. ஆகவே ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீர், ரப்பர் போன்ற பொருள்களால் இன்னொரு கவசம் வேண்டும். அதற்கும் எடை உண்டு.

நீர்மூழ்கியில் முடிந்தது, விமானத்தில் ஏன் முடியவில்லை?

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நாட்டிலஸ்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அணுவிசையால் கடலில் ஓடியது. ‘கப்பலில் முடிந்தது விமானத்தில் முடியாதா?’ என்று பலர் கேட்டனர்.

இங்கேதான் ஆர்க்கிமிடீசை நினைக்க வேண்டும். கப்பலின் எடையைத் தண்ணீரே தாங்குகிறது. அதற்காக எஞ்சின் எந்த ஆற்றலையும் செலவிட வேண்டியதில்லை. விமானத்தின் எடையையோ, ஓடிக்கொண்டே இருக்கும் இறக்கைகள் தாங்க வேண்டும். பெரிய விமானம் ஒன்று மட்டமாகப் பறக்க, அதன் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு உந்துவிசை தேவை என்று கொள்ளலாம். கவசத்தால் எடை கூடினால் உந்துவிசை கூட வேண்டும். உந்துவிசை கூட, உலை பெரிதாக வேண்டும். உலை பெரிதானால் கவசம் பெரிதாக வேண்டும். கவசம் பெரிதானால் மீண்டும் எடை கூடும். செக்கைச் சுற்றும் மாடுபோல, புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டோம் அல்லவா?

மேலும், சாதாரண விமானம் பறக்கப் பறக்க எடை குறைந்து, இலேசாகித் தரையிறங்கும். அணு விமானமோ புறப்பட்ட எடையோடுதான் இறங்க வேண்டும். உலையை நிறுத்திய பின்னும் அதில் கதிரியக்கம் இருந்துகொண்டே இருக்கும். அதை யார் நெருங்கிப் பழுது பார்ப்பது? விமானங்கள் எப்போதாவது விழுவதும் உண்டு. ஓர் ஊரின் மேல் அது விழுந்தால் என்ன ஆகும்? எஞ்சின் எவ்வளவு திறமையாக ஓடினாலும் இக்கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சோதனை செய்து பார்த்தனர்

எடையைக் குறைக்க, கவசத்தை இரண்டாகப் பிரிக்கும் யோசனை பிறந்தது. உலையைச் சுற்றிச் சிறிது, விமானிகளின் அறையைச் சுற்றிச் சிறிது. உலை பின்னே, விமானிகள் முன்னே. தொலைவு இரு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும் என்பது நீங்கள் அறிந்த விதி. ஆனால் பக்கவாட்டில் கசியும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறி, விமானிகளை நோக்கி வருமே! எவ்வளவு வரும்?

இதை அளக்கவே என்பி-36எச் என்ற விமானம் அமைக்கப்பட்டது. 1955 முதல் 1957 வரை அது 47 முறை பறந்தது. அதில் ஒரு மெகாவாட் அணு உலை இருந்தது. ஆனால் விமானத்தைச் செலுத்தியவை வழக்கமான எஞ்சின்களே. ஈயமும் ரப்பரும் சேர்ந்த விமானிகளின் அறை மட்டுமே சுமார் 11 டன். சன்னல் கண்ணாடி ஏறத்தாழ ஓரடி தடிமன்! விபத்து நேர்ந்தால் அவ்விடத்தைச் சூழ்ந்து காப்பதற்காக, குதிகுடை வீரர்களை ஏற்றிக்கொண்டு மற்றொரு விமானம் உடன் பறந்தது.

சோவியத் நாடு அணு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது என 1958 டிசம்பரில் அமெரிக்க வார இதழ் ஒன்று எழுதியது. அது சாதாரண எரிபொருளில் ஓடும் விமானம் எனப் பின்னர் தெரிந்தது. ஆனால் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம், கணக்குகளை மறக்கச் செய்தது. இத்தனைக்கும் 1957 ஜனவரியிலேயே மூன்று பி-52 விமானங்கள், வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 45 மணி நேரத்தில் உலகைச் சுற்றிவந்துவிட்டன! தொலைதூர ஏவுகணைகளும் வந்துகொண்டிருந்தன. எதற்காக அணு விமானம் வேண்டும் என்றார்களோ, அத்தேவையே மறையத் தொடங்கிற்று.

1948-இல் இத்திட்டத்தை ஆராய்ந்த அறிஞர் குழு, பதினைந்து ஆண்டுகளும் நூறு கோடி டாலருக்கு மேலும் தேவைப்படும் என மதிப்பிட்டிருந்தது. 1961 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கென்னடி திட்டத்தை நிறுத்தியபோது, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளும் நூறு கோடி டாலரும் செலவாகியிருந்தன. அணுவிசையால் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. அதே 1961-இல் சோவியத் நாடும் உலையைச் சுமந்த விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. அதையும் செலுத்தியவை வழக்கமான எஞ்சின்களே.

ஐயுறுவது எப்படி?

‘எந்தப் புதுமையையும் ஐயுறுபவர்கள் இருக்கத்தானே செய்வர்?’ என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பலூன் தவிர வேறு வான்பயணத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று 1896-இல் எழுதியவர் மாபெரும் விஞ்ஞானி கெல்வின். ஏழே ஆண்டுகளில், 1903 டிசம்பர் 17-இல், ரைட் சகோதரர்கள் பறந்தனர். ஆகவே பெரியவர் ஒருவர் ஐயுறுகிறார் என்பதாலேயே அந்த ஐயம் சரியாகிவிடாது.

அவநம்பிக்கை வேறு, அறிவியல் ஐயம் வேறு. அறிவியல் ஐயம் ‘எத்தனை டன்?’ ‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்று எண்களைக் கேட்கும். எந்தச் சோதனை தன்னைப் பொய்யாக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லும். புதிய திட்டம் ஒன்றைப் பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, அதை உடனே புகழவும் வேண்டாம், உடனே நகைக்கவும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க ஒரு கணக்கு: மேலே சொன்ன 14 டன் ஈய ஓட்டில், கதிர்களை இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால் ஓட்டின் எடை எவ்வளவாகும்? பத்து முறை பாதியாக்கினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். வரும் விடை உங்களை வியக்க வைக்கும்.