அஞ்சாளை வளர்க்கணுமா? மூடியிலிருந்து ஆரம்பிங்க

என் முதல் அஞ்சாளை, அதாவது மோரே விலாங்கு, தொட்டிக்குள் சாகவில்லை. காலையில் சோபாவுக்குப் பின்னால் காய்ந்த கயிறு மாதிரி கிடந்தது. ஃபில்டர் குழாய்க்காக மூடியில் நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி அதற்குத் தாராளம்.

ஏன் வெளியே வந்தது? அது ஸ்னோஃப்ளேக் மோரே, நண்டுதின்னி. கடலில் இந்த இனம் நண்டைத் தேடி தண்ணீரைவிட்டுக் கரையேறவும் செய்யும். பெரும்பாலான மீன்கள் இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சித்தான் விழுங்கும். மோரேக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. அது முன்னால் பாய்ந்து, கவ்வி, உள்ளே இழுக்கும், தண்ணீரே தேவையில்லை. கலிபோர்னியாவில் ரீட்டா மேத்தா குழுவினர் ஸ்னோஃப்ளேக்குகளைச் சாய்தளத்தில் ஏறவைத்து, வெளியிலேயே கணவாய்த் துண்டை விழுங்கப் பழக்கினார்கள். ஆய்வு 2021-இல் வெளியானது. நான் படித்தது, நம்மாள் செத்த பிறகு.

இப்போது 300 லிட்டர் தொட்டி. கற்களை மணல்மேல் வைக்காதீங்க. கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்க. அடியில் தோண்டும், கல் சரிந்தால் நசுங்கிடும். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக ஆறு வாரம் ஆச்சு. அதுவரை தொட்டி காலிதான். இறாலை நீள இடுக்கியில் நீட்டுங்க. கண் மந்தம், மோப்பம் கூர்மை: இறால் வாசனை அடிக்கும் விரலும் அதற்கு இறால்தான்.

குழாய்த் துளைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலை அடைத்திருக்கிறேன். அக்ரிலிக் மூடிக்கு நாலு கிளிப், மேலே ஒரு செங்கல். வீட்டில் அது கண்ணை உறுத்துதாம். உறுத்தட்டும்.