பெங்களூருல வாங்கின டிராக் பேன்ட் கிழிஞ்சா தருமபுரியில புகார் கொடுக்கலாமா?

புது டிராக் பேன்ட். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு ஓடும்போதே தொடைப் பக்கத் தையல் பிரிந்துவிட்டது. அல்லது முதல் துவையலிலேயே ஜெர்சியில் இருந்த எழுத்து உரிந்து வந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால், "ஒருதடவை போட்டதை எப்படி சார் திருப்பி எடுக்கிறது?" என்கிறார்கள். பில்லின் அடியில் இருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டுகிறார்கள்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. அது தூரம். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வீடு இருக்கும். துணி வாங்கியது பெங்களூரு மாலில் அல்லது ஆன்லைனில். விற்ற நிறுவனத்தின் முகவரி வேறு மாநிலத்தில் இருக்கும். '900 ரூபாய்க்காக அங்க போய் அலையணுமா?' என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், அலைய வேண்டியதில்லை. சட்டம் மாறிவிட்டது.

எங்கே வாங்கினாலும் சொந்த மாவட்டத்தில் வழக்கு

1986-ம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் தொழில் செய்யும் இடத்திலோ பிரச்னை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டின் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 34-வது பிரிவு, நுகர்வோர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம் என்கிறது.

அதாவது, நீங்கள் காரிமங்கலத்தில் குடியிருந்தால், பேன்ட்டை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான்.

எதெல்லாம் 'குறைபாடு'?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தரம், அளவு ஆகியவற்றில் உள்ள குறையோடு, விற்பவர் சொன்னபடி பொருள் இல்லாததும் சட்டத்தின் பார்வையில் குறைபாடுதான். வியர்வையை உடனே உலர்த்தும் துணி என்று டேக்கில் போட்டுவிட்டு சாதாரண பாலியஸ்டரைக் கொடுத்தால் அதுவும் இதில் வரும். தையல் பிரிவது, ஜிப் நிற்காதது, டேக்கில் சொன்னபடி துவைத்தும் சாயம் போவது எல்லாமே கேட்கக்கூடியவை.

ஆனால், 'கலர் பிடிக்கலை', 'சைஸ் தப்பா எடுத்துட்டேன்' என்பதெல்லாம் குறைபாடு ஆகாது. அதற்கு மாற்றிக் கொடுப்பது கடையின் பாலிசியைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் துவைக்கச் சொன்ன துணியைச் சுடுநீரில் போட்டுவிட்டு, சுருங்கிப்போச்சு என்று கேட்டாலும் வழக்கு நிற்காது.

'திரும்பப் பெறப்படாது' என்ற வரி செல்லுமா?

குறைபாடுள்ள பொருள் என்றால் செல்லாது. பில்லில் எத்தனை நாள் என்று குறிப்பிட்டிருந்தால் அந்த நாளுக்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 'முறையற்ற வணிக நடைமுறை' என்கிறது சட்டத்தின் 2(47) பிரிவு. பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. அதனால் 'பில் வேணாம், 50 ரூபா குறைச்சுக்கறேன்' என்றால் தலையாட்டாதீர்கள். ஜிபே, போன்பே ரசீது பணம் போனதைக் காட்டும். எந்தப் பொருளுக்கு என்பதை பில்தான் காட்டும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால்?

2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

'ரிட்டர்ன் விண்டோ முடிஞ்சிடுச்சு' என்று ஆப் சொன்னால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் தரலாம்.

இவ்வளவு சின்ன தொகைக்கு யாராவது போவாங்களா?

போயிருக்கிறார்கள். கர்நாடகத்தின் மங்களூருவில் ஒருவர் 1,399 ரூபாய் பேன்ட்டுக்கு டெக்கத்லான் கடையில் பணம் கட்டினார். பேன்ட் வந்து சேரவில்லை. விஷயம் தட்சிண கன்னடா மாவட்ட ஆணையத்துக்குப் போனது. இழப்பீடும் வழக்குச் செலவுமாக 35,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் உத்தரவு வந்தது. எல்லா வழக்கிலும் இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால், தொகை சின்னது என்பதற்காக ஆணையம் புகாரை ஒதுக்குவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. துணியைத் தூக்கிப் போடாதீர்கள், தைக்கவும் கொடுக்காதீர்கள். டேக், வாஷ் கேர் லேபிளோடு போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் ஆணையம் துணியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும்.

2. கடையில் வாயால் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். வாங்கிய தேதி, பில் எண், என்ன குறை, என்ன வேண்டும் (புதுத் துணியா, பணமா) என்பதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்புங்கள். டேக்கில் கஸ்டமர் கேர் முகவரி இருக்கும். 15 நாள் கெடு கொடுக்கலாம்.

3. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பித் தீர்வு கேட்பார்கள். பல பிரச்னைகள் இங்கேயே முடிந்துவிடும். ஆனால், இவர்களால் உத்தரவு போட முடியாது.

4. அதற்கும் மசியவில்லை என்றால் ஆணையம். 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே வழக்குப் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். வீடியோ கான்பரன்ஸ் மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தள்ளிப்போவதும் உண்டு; கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டீமுக்கு மொத்தமா வாங்கினா?

ஊர் கபடி டீமுக்கோ கிரிக்கெட் டீமுக்கோ ஒருவரே 15 ஜெர்சி ஆர்டர் செய்வது சகஜம். விற்று லாபம் பார்க்க வாங்கவில்லை என்றால் நீங்கள் நுகர்வோர்தான். வாங்கியவர் சம்மதத்தோடு அந்த ஜெர்சியைப் போடுபவரும் சட்டப்படி நுகர்வோரே. ஆர்டரை வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த சாட்டை அழித்துவிடாதீர்கள். எந்தத் துணி, எந்த பிரின்ட், எத்தனை நாளில் டெலிவரி என்று அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் சாட்சி.