சின்னப் பெட்டிக்குள் எத்தனை வாட்?

நீங்கள் தருமபுரி மாவட்டத்தில் அரூரிலோ பாலக்கோட்டிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, பழைய பொருளாக விலைக்கு வந்த சின்னக் கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. தடித்த அகராதிகள் இரண்டை அடுக்கி வைத்தாற்போல் ஒரு பெட்டி. பாடம் படிக்கவும் கணக்கு எழுதவும் அது போதும். ஆனால் விளையாட்டு ஒன்றைத் திறந்தால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. பட்டுக்கூடு விற்ற பணத்தில் கொஞ்சம் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எந்த உறுப்பை வாங்குவது? தவறானதை வாங்கிவிட்டால் அதை மாற்ற ஏறக்குறைய 130 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். போனாலும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது உறுதியில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. படம் துள்ளாமல் ஓட வேண்டுமானால் ஒரு நொடிக்கு 60 முறை இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். அதாவது நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்! ஒரு முழுப் படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான். அதற்குள் வேலை முடியாவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும். நாம் காணும் தடங்கல் அதுதான்.

இந்த வேலையை இருவர் பகிர்ந்து செய்கிறார்கள். பந்து எங்கே விழும், எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்பதை மையச் சில்லு முடிவு செய்கிறது. புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் பகுதி. இருவரில் யார் பின்தங்குகிறார்? இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்பில் திரை அளவை 1280க்கு 720 என்று குறையுங்கள். இப்போது புள்ளிகள் 9,21,600 மட்டுமே; முன்னதில் பாதிக்கும் குறைவு. ஓட்டம் நன்றாக விரைந்தால் திணறுவது கிராபிக்ஸ் பகுதி. வேகம் அப்படியே இருந்தால் மையச் சில்லோ நினைவகமோ காரணம். கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பயனில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டுதான் தேவை என்று தெரிந்துவிட்டது என்போம். இங்கேதான் சின்னப் பெட்டி குறுக்கே நிற்கிறது. வழக்கமான கார்டின் பின்தகடு 12 செ.மீ. உயரம். இந்தப் பெட்டிக்குள் 8 செ.மீ. உயரமுள்ள குட்டைக் கார்டுதான் நுழையும். மூடியைத் திறந்து, ஸ்கேல் வைத்து நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். கார்டின் தடிமனும் முக்கியம். சில பெட்டிகளில் செருகுமிடத்தை ஒட்டியே எஸ்.எம்.பி.எஸ். இருப்பதால் இரட்டைத் தடிமன் கார்டு அங்கே உட்காராது.

அடுத்தது மின்சாரம். கார்டு செருகும் பள்ளம் அதிக அளவாக 75 வாட் தரும். 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், ஏறக்குறைய 10 வாட். மொத்தத்துக்கு வரம்பு 75. பெரிய கார்டுகளுக்கு இது போதாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். அலுவலகச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் அந்த ஒயரே கிடையாது. அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். 200 வாட் அளவுதான். மையச் சில்லுக்கு 65, கார்டுக்கு 70, மற்றவற்றுக்கு 30 என்று கூட்டினால் 165 ஆகிறது. 65 என்பது தொடர்ந்து செலவாகும் அளவு. சில நொடிகளுக்கு அது கூடவும் செய்யும். மிஞ்சிய 35 வாட் அதற்கு வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற கார்டு 2022இல் 8 ஜி.பி. நினைவகத்துடன் வந்தபோது 130 வாட் தின்றது. 2024இல் அதே எண்ணுடன் வந்த 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட் போதும். முன்னது உங்கள் பெட்டிக்கு ஆகாது. பின்னதில் குட்டை வகைகளும் உண்டு. பழைய கார்டாக வாங்குவதானால் 75 வாட்டுக்குள் அடங்கும் ஜி.டி.எக்ஸ். 1650 குட்டைக் கார்டையும் பார்க்கலாம்.

கார்டு வாங்கும் அளவுக்குப் பணம் இல்லையா? அப்படியானால் ராமைப் பாருங்கள். தனிக் கார்டு இல்லாதபோது கிராபிக்ஸ் பகுதி கணிப்பொறியின் பொது நினைவகத்தையே பயன்படுத்துகிறது. டி.டி.ஆர்.4 வகையில் 2666 வேகமுள்ள ஒரே ராம் செருகியிருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. செய்தி போய்வரும். அதே போன்ற இன்னொன்றை இரண்டாம் வழிக்குரிய பள்ளத்தில் செருகினால் 42 ஆகும். ஒற்றைச் சாலை இரட்டைச் சாலை ஆவது போலத்தான். (மேற்சொன்ன 6 ஜி.பி. கார்டின் சொந்த நினைவகத்துக்கு இது 168. தனிக் கார்டின் வலிமை புரிகிறதல்லவா?) ஆகவே 16 ஜி.பி. ஒன்று வாங்குவதைவிட 8 ஜி.பி. இரண்டு நல்லது.

ராம் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய கணிப்பொறிக்கு வாங்கி வந்த ராம் எவ்வளவு அழுத்தியும் பள்ளத்தில் இறங்கவில்லை. பிறகுதான் உற்றுப் பார்த்தேன்: பலகை டி.டி.ஆர்.3, கையில் இருப்பதோ டி.டி.ஆர்.4. முன்னது 1.5 வோல்ட்டில் இயங்குவது, பின்னது 1.2 வோல்ட். ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாதபடி விளிம்பிலுள்ள வெட்டின் இடத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டு என் பலகையைக் காப்பாற்றியது. பணம் போனது போனதுதான். உங்கள் பழைய ராமைக் கழற்றி, காகிதத்தில் சுற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

இன்னும் சுழலும் வன்தட்டு இருக்கிறதா? அது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றினாலும் வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வர சராசரி 4 மில்லி நொடி ஆகும். முள் நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு எதுவுமில்லை. விளையாட்டு விரைவில் திறக்கும். ஆனால் நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கையைப் பெரும்பாலும் அது கூட்டாது. கடைக்காரர் எப்படிச் சொன்னாலும் சரி.

மையச் சில்லு பின்தங்குவதாகத் தெரிந்தால், இப்பெட்டியில் மேலும் பணம் போடத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 ஓரிரு விதிவிலக்குகள் தவிர இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய சில்லுகளை ஏற்பதில்லை. நான்கு உள்ளகங்கள் கொண்ட ஐ5-6500க்கும் ஆறு உள்ளகங்கள் கொண்ட ஐ5-8500க்கும் பழைய சந்தையில் விலை வேறுபாடு இருக்கும். எனினும் புதிதாகப் பெட்டியே வாங்குவோர் பின்னதை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கடைசியாக வெயில். சில்லின் சூடு அறையின் சூட்டின்மேல் ஏறி நிற்பது. அறைக் காற்றைவிட 45 டிகிரி கூடுதலாக ஒரு சில்லு சூடாகும் என்போம். மார்கழியில் அறை 24 டிகிரி என்றால் சில்லு 69. சித்திரையில் தகரக் கூரையின்கீழ் அறை 40 டிகிரி என்றால் 85. தூசி அடைத்தால் இன்னும் ஏறும். நூறு டிகிரியை நெருங்கும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். காலையில் ஒழுங்காக ஓடிய விளையாட்டு பிற்பகலில் திணறினால் புதிய உறுப்பு வாங்க ஓடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, விசிறி இதழ்களிலும் உலோகத் தகடுகளுக்கு இடையிலும் படிந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மறுநாள் அதே பிற்பகல் வேளையில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.