தீவுச் சிறையை உடைத்த 'ஆயிரத்தில் ஒருவன்'

சிறையிலிருந்து தப்பும் கதைக்குத் தமிழில் நீண்ட ஆயுள் தந்த படம், பி.ஆர்.பந்துலு தயாரித்து இயக்கி 1965-இல் வெளியான 'ஆயிரத்தில் ஒருவன்'. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முறையாக இணைந்த படமும் இதுவே. 1935-இல் வந்த 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படத்தின் தாக்கம் இதில் உண்டு.

கலகக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக மருத்துவர் மணிமாறன் கைதாகிறார். அவர்களோடு சேர்த்து அவரையும் கன்னித்தீவுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்கள். இங்கே மதில் சுவர் இல்லை. நாலாபுறமும் சூழ்ந்த கடலே காவல்.

நாயகன் தன் ஒருவனுக்காக மட்டும் விடுதலை தேடுவதில்லை. உடன் அடைபட்ட அத்தனை பேருக்காகவும் போராடுகிறான். படம் மங்காமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். கப்பல் தளத்தில் ஒலிக்கும், கண்ணதாசன் எழுதிய பறவைப் பாட்டில் டி.எம்.சௌந்தரராஜனின் குரலோடு குழுவினரின் குரலும் சேரும்போது, விடுதலை எல்லோருக்கும் பொதுவாகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படமும் இது.

அடுத்த பலம் வாள்சண்டை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1951-இல் எடுத்த 'சர்வாதிகாரி'யிலேயே எம்.ஜி.ஆரும் வில்லன் நடிகர் நம்பியாரும் வாளேந்தி மோதியிருந்தார்கள். அந்த ஜோடியின் மோதலை ரசிகர்கள் இதிலும் கொண்டாடினார்கள்.

டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்த இப்படம், சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மக்கள் அதைத் தேடிவந்து பார்த்தார்கள். அநீதியாக அடைக்கப்பட்டவன் மீளவேண்டும் என்ற ஆசைக்கு வயதாவதில்லை.