பளபளப்பின் தடிமன் அரை மைக்ரான்

பழைய புல்லட்டின் ஹேண்டில்பாரில் செம்பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் போதும், ‘குரோம் துருப்பிடிச்சிருச்சு, புதுசா பிளேட்டிங் போட்டுடலாம்’ என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்பில் எழுந்துவிடும். அந்தப் பேச்சின் முதல் பாதி வேதியியல்படி தவறு. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து உண்டாவது. குரோமியத்தில் துருப்பிடிக்க இரும்பே கிடையாது. காற்று பட்டவுடன் குரோமியம் தன்மீது சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் கீறப்பட்டாலும் உடனே மறுபடி உருவாகிவிடும். ஹேண்டில்பாரில் தெரியும் பழுப்பு, குரோமுக்கு அடியில் கிடக்கும் எஃகிலிருந்து கசிந்து மேலே வந்தது.

முதல் பாதி தவறு என்றால் இரண்டாம் பாதிக்கும் அவசரம் காட்ட வேண்டியதில்லை. பழைய வண்டிகளில் ‘போச்சு’ என்று கழற்றப்படும் குரோம் பாகங்களில் பல, உண்மையில் வெறும் துருக்கறை படிந்தவை. அவற்றின் குரோம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதா, உரித்து எறிவதா என்று முடிவெடுக்கும் முன் அந்தப் பளபளப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நாம் ‘குரோம்’ என்று சொல்வதில் குரோமியம் மிகக் குறைவு. எஃகின் மேல் முதலில் நிக்கல் பூசுவார்கள், பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரை. சில பாகங்களில் நிக்கலுக்கும் அடியில் செம்புப் பூச்சு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம்: பொதுவாக அரை மைக்ரானுக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்களவில் நூறில் ஒரு பங்குகூட வராது. கண்ணாடி போன்ற பிரதிபலிப்பைத் தருவது நிக்கலும், அதற்கு அடியில் மெருகேற்றப்பட்ட எஃகும்தான். குரோமியத்தின் வேலை, நிக்கல் மங்காமல் காப்பதும் அந்த நீலம் கலந்த வெண்மையைத் தருவதும்.

இவ்வளவு மெல்லிய படலத்தில் நுண்ணிய வெடிப்புகளும் துளைகளும் இல்லாமல் போகாது. நிக்கல் தடிமனாக இருக்கும்வரை கவலையில்லை. அது மெலிந்த இடத்திலோ கல்பட்டுச் சிதைந்த இடத்திலோ ஈரம் எஃகைத் தொட்டுவிட்டால் கதை மாறுகிறது. ஈரத்தால் இணைந்த இரண்டு உலோகங்களில் எது எலக்ட்ரானை எளிதில் விடுகிறதோ அதுதான் அரிபடும். தகரக் கூரைமீது பூசிய துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நிக்கலும் குரோமும் இதற்கு நேர்மாறு: அவை பிழைத்துக்கொண்டு எஃகைப் பலிகொடுக்கும். சுற்றிலும் பெரிய பரப்பில் குரோமும் நிக்கலும், நடுவே ஊசிமுனை அளவு எஃகு. அரிப்பின் மொத்த விசையும் அந்த ஒரு புள்ளியில் குவிவதால் குழி ஆழமாக இறங்குகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைப்பதால் மேலே உள்ள பூச்சைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. கடற்காற்றில் வரும் உப்பு இதை விரைவுபடுத்தும். கடலோர எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டியும் சேலத்தில் நிற்கும் வண்டியும் ஒரே வயதில் ஒரே முகத்தோடு இருப்பதில்லை.

துரு எங்கே முதலில் எட்டிப்பார்க்கும் என்பதற்கும் காரணம் உண்டு. முலாம் தொட்டியில் மின்னோட்டம் விளிம்புகளையும் மேடுகளையும் தேடிப் பாயும். உள்வளைவுகளுக்கும் மறைவிடங்களுக்கும் போதுமான அளவு எட்டாது. குரோமியத் தொட்டி இந்த விஷயத்தில் மற்ற முலாம்களைவிட மோசம். அதனால்தான் ரிம்மில் ஸ்போக் துளைகளைச் சுற்றியும், மட்கார்டின் உட்புறத்திலும், வெல்டிங் மூலைகளிலும், லெக் கார்டு வளைவின் அடிப்பக்கத்திலும் துரு முதலில் வருகிறது.

குரோமியம் என்ற தனிமத்தை 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்கலின் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு செந்நிறக் கனிமத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அதை மின்முலாமாக நம்பகமாகப் படியவைக்க மேலும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1920களில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் குழுவினர், குரோமிக் அமிலக் கரைசலில் சல்ஃபேட்டின் அளவை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கட்டிக்காத்தால் முலாம் சீராகப் படியும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் குரோமில் மின்னத் தொடங்கின. அதற்கு முந்தைய வண்டிகளில் வெறும் நிக்கல் பூச்சுதான். சற்றே மஞ்சள் சாயல் கொண்டது. 1915-ஆம் ஆண்டு வண்டிக்கு குரோம் போட்டு நிறுத்துவது, வரலாற்றைத் திருத்தி எழுதுவது.

இதே எச்சரிக்கை 1950களின் தொடக்கத்துக்கும் பொருந்தும். கொரியப் போர்க் காலத்தில் நிக்கல் ஆயுத உற்பத்திக்குத் திருப்பிவிடப்பட்டது. தட்டுப்பாட்டில் சிக்கிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் 1952 வாக்கில் டேங்க், ரிம் போன்றவற்றில் குரோமைக் குறைத்துப் பெயின்ட் அடித்தன. அமெரிக்கக் கார்களில் நிக்கலைச் சுருக்கி மெலிதாகப் போட்ட முலாம் சீக்கிரமே உரிந்தது. அந்த ஆண்டு வண்டி கையில் இருந்தால், அதில் குரோம் குறைவாக இருப்பது குறையில்லை. அதன் பிறப்புச் சான்றிதழ். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதும், 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் இந்த நெருக்கடி தீர்ந்த பிறகுதான். ஜாவா டேங்கின் இரு பக்கமும் மின்னும் குரோம் பட்டை அந்தத் தாராளத்தின் அடையாளம்.

சரி, துருப்பிடித்த பாகம் மேசையில் இருக்கிறது. முதல் வேலை சோப்புத் தண்ணீர். கிரீஸ், மண், உப்பு எல்லாம் போன பிறகுதான் உண்மை நிலை தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மேற்பரப்பில் வழிந்து காய்ந்த கறை என்றால் நகத்துக்கு லேசான சொரசொரப்பாகத் தெரியும். குழி என்றால் நகம் மாட்டும். நீலவெண்மைக்கு நடுவே மஞ்சள் திட்டு தெரிந்தால் அது துருவே இல்லை, குரோம் தேய்ந்து நிக்கல் வெளிப்பட்ட இடம். செந்நிறமாகப் பளிச்சென்று தெரிந்தால் செம்பு. பூச்சு செதிலாக உயர்ந்து நின்றால் மட்டுமே, அந்தப் பாகம் முலாம் கடைக்குப் போக வேண்டியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கறையை எடுக்க உலகெங்கும் கைவேலைக்காரர்கள் சொல்வது ஒரு துண்டு அலுமினியத் தாள். சாப்பாடு பொதியும் அதே தாள்தான். அதைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பழுப்பு கரைந்து கருஞ்சாம்பல் குழம்பாக வழியும். இது மந்திரம்போலத் தோன்றினாலும் பெரும்பகுதி கடினத்தன்மையின் கணக்கு. முலாமாகப் படிந்த குரோமியம் விக்கர்ஸ் அளவுகோலில் 800-ஐத் தாண்டும். சாதாரண எஃகு 200-ஐத் தொடுவதே அரிது. அலுமினியத் தாள் அதைவிடவும் மென்மை. துருவைச் சுரண்டும் அளவுக்கு வலு உண்டு, குரோமைக் கீறும் அளவுக்கு இல்லை. இரும்பைவிட அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் ஈர்ப்பு அதிகம் என்பதால் வேதிவினையும் கொஞ்சம் துணைநிற்கலாம், ஆனால் அறை வெப்பத்தில் அதன் பங்கு சிறியதுதான். மஞ்சள் திட்டு தெரியும் இடத்தில் மட்டும் கை மெதுவாக ஓட வேண்டும், ஏனெனில் நிக்கல் குரோமைவிட மென்மையானது. எமரி பேப்பர் பக்கம் போகவே கூடாது. அரை மைக்ரான் அதற்கு ஒரு நிமிட வேலை.

கழற்றி ஊறவைக்க முடிந்த பாகங்களுக்கு அமிலங்கள் உண்டு. பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கும் வீடுகளில் இந்த வேதியியல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் உலோக அயனியைப் பிடித்துக்கொண்டு நீரில் கரைத்துவிடும். துருவுக்கும் இது பலிக்கும், மெதுவாக. பாத்திரம் துலக்கும்போது சேர்க்கும் உப்பை மட்டும் இங்கே சேர்க்கக் கூடாது. குளோரைடுதான் குழிகளுக்குத் தீனி. இன்னும் வலுவாக வேண்டுமென்றால் ஆக்சாலிக் அமிலம். லிட்டருக்கு 20, 30 கிராம் கரைத்து, பாகத்தை முழுக்க மூழ்கவைத்தால் ஓர் இரவில் துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவும் கரைந்துவிடும். குரோமும் நிக்கலும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. தேவைக்கு மேல் ஊறினால் மஞ்சள்நிற இரும்பு ஆக்சலேட் படியும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டிவரும். இந்த அமிலம் நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். முடிந்ததும் சமையல் சோடாக் கரைசலில் அலசி உடனே உலர்த்த வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் கடைகளில் பழைய குரோமை உரித்தெடுக்கப் பயன்படும் அமிலமே அதுதான்! துருவோடு குரோமும் போய்விடும். ஸ்பிரிங், ஆக்சில் போன்ற வலுவூட்டிய எஃகுப் பாகங்களை எந்த வீரிய அமிலத்திலும் ஊறவைப்பது ஆபத்து. வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்கும். பேட்டரி சார்ஜரும் சலவைச் சோடாவும் வைத்து மின்பகுப்பில் துரு எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் துண்டையோ குரோம் பாகத்தையோ மாட்டினால், அதிலுள்ள குரோமியம் நச்சு குரோமேட்டாக மாறித் தண்ணீரில் கலக்கும். நேர்முனைக்குச் சாதாரண இரும்புத் துண்டு போதும்.

சைலன்சர் பைப்பில் என்ஜினை ஒட்டித் தெரியும் பொன்னிறமும் ஊதாவும் துருக் கணக்கில் வராது. வெப்பத்தில் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடித்து, ஒளி அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழிக்க, மற்றவை மிஞ்சுகின்றன. பாலிஷில் அது போகும். பெட்ரோல் கலவையும் டைமிங்கும் சரியில்லாமல் பைப் அளவுக்கு மீறிச் சூடானால் மறுபடி வரும்.

துரு நீங்கிய குழி கரும்புள்ளியாக மிஞ்சத்தான் செய்யும். அதைச் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, மெழுகு பூசி ஈரத்தின் வழியை அடைத்தால் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். வண்டியை பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கி, செய்த வேலையெல்லாம் வீணாகும். காற்று புகும் துணி உறை நல்லது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் நான்கு கரும்புள்ளிகளோடு இருக்கும் ஆலைக் குரோம், நேற்றுப் போட்ட பளபளப்பைவிட மதிப்புள்ளது என்பதே இக்கட்டுரையின் நிலை. ஒருமுறை உரித்துவிட்டால் அந்த ஆலை வேலை திரும்பக் கிடைக்காது.

உரிந்தே போன பாகத்துக்கு மறுமுலாம்தான் வழி. அங்கே நேரத்தைத் தின்பது தொட்டி வேலையைவிட பஃப்பிங்தான். முலாம் குழியை நிரப்பாது. மேட்டில் அதிகமாகவும் பள்ளத்தில் குறைவாகவும் படிவதால் குழி இன்னும் துலக்கமாகவே தெரியும். நல்ல கடைக்காரர் தடிமனாகச் செம்பு போட்டு, தேய்த்து, மறுபடி செம்பு போட்டுச் சமன்செய்த பிறகே நிக்கலுக்குப் போவார். அவசரக் கடையில் எஃகையே தேய்த்துத் தள்ளுவார்கள். பாகத்தில் பொறித்த எண்ணும் முத்திரையும் அதோடு அழியும். கொடுக்கும் முன் அவற்றைப் படமெடுத்து, தொடக் கூடாத இடம் எது என்று சொல்லிவிடுவது அவசியம்.

கடைசியில் குரோமியத் தொட்டியில் பாகம் இருப்பது சில நிமிடங்களே. ஆனால் செலுத்தும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது விழுக்காடுதான் குரோமியத்தைப் படியவைக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகிக் கிளம்புகிறது. குமிழி வெடிக்கும்போது குரோமிக் அமிலம் பனித்துளிபோலக் காற்றில் பரவித் தொழிலாளியின் மூக்கிலும் நுரையீரலிலும் இறங்கும். அதிலிருக்கும் ஆறிணைதிறக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். இது நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் தொலைவில் தேட வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை விட்டுப்போனது. அந்த ஊர் 2006-இல் பிளாக்ஸ்மித் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அது முலாம் கடை இல்லை, தோல் பதனிடுதல் உள்ளிட்ட தொழில்களுக்கான குரோமிய உப்பு ஆலை. நஞ்சு ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் அலங்கார முலாமில் ஆறிணைதிறக் குரோமியத்தைப் படிப்படியாக ஒழிக்க 2023-இல் முடிவெடுத்தது. மாற்று, மூவிணைதிறக் குரோமியத் தொட்டி: நச்சு மிகவும் குறைவு, வளைவுகளிலும் சீராகப் படியும். பழைய வண்டிப் பிரியர்களுக்கு அதில் ஒரே உறுத்தல் நிறம். அந்த நீலச் சாயல் சற்றுக் குறைந்து லேசாக இருண்டு தெரியலாம். ஆகவே ஹெட்லைட் வளையத்தை ஒரு கடையிலும் ஹேண்டில்பாரை இன்னொரு கடையிலும் கொடுத்தால் வெயிலில் இரண்டும் வேறுவேறாகக் காட்டிக்கொடுத்துவிடும். மறுமுலாம் தவிர்க்க முடியாத பாகங்கள் எவையெவை என்று பிரித்து, அடுத்தடுத்துப் பொருந்துபவற்றை ஒன்றாகவே கொடுத்து, எந்த வகைத் தொட்டியில் போடுகிறார்கள் என்று கடையில் கேட்டுவிட வேண்டும்.