ஆயில் என்ஜினில் எண்ணெய்க் கசிவு

மின்சாரம் எட்டாத வயல்களில் இன்றும் ஆயில் என்ஜின்களே நீர் இறைத்து வருகின்றன. அவற்றின் அடியில் கரிய எண்ணெய்ப் படலம் படிந்திருப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். என்ஜின் என்றிருந்தால் எண்ணெய் சிந்தத்தான் செய்யும் என்று கூறி, உழவர்கள் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இது சரியன்று.

10 விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகுவதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு துளி, மில்லி லிட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மணிக்கு 360 துளிகள். அதாவது 18 மில்லி லிட்டர். நாள்தோறும் 10 மணி நேரம் ஓட்டினால், பத்தே நாட்களில் 1,800 மில்லி லிட்டர் வீணாகும். 5 குதிரைச் சக்தி என்ஜினின் தொட்டி கொள்வதே பெரும்பாலும் 3 அல்லது 4 லிட்டர்தான். அளவு கோலைப் பாராமல் ஓட்டிவந்து, கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பிஸ்டன் இறுகி என்ஜின் நின்றுவிடுமானால், பழுது பார்க்கும் செலவோடு மகசூலும் போகும். சிந்திய எண்ணெய் கிணற்றில் இறங்கினால் அந்நீர் குடிக்கவும் உதவாது.

கசிவைக் கண்டவுடன் ஸ்பானரை எடுத்துக் கண்ணில் படும் நட்டுகளையெல்லாம் முறுக்குவது நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால் எண்ணெய் கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. மேல் மூடியில் கசிந்த எண்ணெய், சிலிண்டரின் ஓரமாக வழிந்து, பிளைவீலின் காற்றால் ஒரு புறம் ஒதுங்கி, அடியிலுள்ள வடிகால் திருகில் வந்து சொட்டும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் பயன் என்ன?

ஆகவே என்ஜினை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கு முழுவதையும் துடைத்து உலர்த்த வேண்டும். பின்னர்ச் சுண்ணக்கட்டிப் பொடியையோ முகப்பவுடரையோ இணைப்புகளின்மேல் மெல்லத் தூவி, கால் மணி நேரம் ஓட்டி நிறுத்துக. பொடி, காற்று வடிகட்டியின் வாயில் புகலாகாது. ஈரம் பட்ட இடங்களில் எது எல்லாவற்றிற்கும் மேலே உள்ளதோ, அதுவே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். துண்டும் வேட்டி முனையும் தொங்க, ஓடும் என்ஜினருகே குனிதல் கூடாது.

கசிவது நீர்த்து, டீசல் வாடை வீசினால் குற்றம் எரிபொருள் குழாயில் உள்ளது. தொட்டியில் எண்ணெயின் அளவு குறையாமல் ஏறுமானால், டீசலோ நீரோ உள்ளே கலக்கிறது; உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

பல இடங்களில் ஒரே சமயத்தில் கசிந்தால் பாக்கிங்குகளைக் குறை கூறுவதற்கு முன், 'பிரீதர்' என்னும் காற்றுப்போக்கியைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கீழறையிலுள்ள காற்று அழுந்துகிறது. அக்காற்று வெளியேறும் வழி இதுவே. இது கரியும் தூசியும் அடைத்துக்கொண்டால், உள் அழுத்தம் எண்ணெயை எல்லா இணைப்புகளின் வழியாகவும் வெளியே தள்ளும். புதுப் பாக்கிங் போட்டும் கசிவு நிற்காமைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினால் போதும்; காசு செலவில்லை. கழுவிய பின்னும் அதன் வழியாகப் புகை மிகுதியாக வருமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கசிவை உண்டாக்கும்.

மூடியின் பாக்கிங் கெட்டிருந்தால் அதனை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் பாக்கிங் காகிதத்தை மூடியின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரத்தை மெதுவாகத் தட்டினால் அளவு பிசகாமல் வெட்டுப்படும். பழைய பாக்கிங்கை மூங்கில் சிம்பால் சுரண்டுக. இரும்பு, பரப்பைக் கீறிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் தகட்டு மூடி வளைந்து, முன்னிலும் அதிகமாக ஒழுகும். பசையை அப்பினால் மிகுதியானது உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும்.

வடிகால் திருகின் செப்பு வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் ஆற்றினால் மீண்டும் மென்மையாகும். கிராங்க் தண்டின் முனையிலுள்ள ரப்பர் சீல் மட்டும் வீட்டு வேலையன்று. கனத்த பிளைவீலைக் கழற்ற வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே அதனை விடுக.

கழித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவதும், மாட்டுப் புண்ணில் தடவுவதும் கேடு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இதுவும் அடங்கும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் பொது இடத்தில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, அதில் சேருவதை அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம்.