நட்டவர்களுக்கு நிவாரணம் எங்கே?

ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆறு பொன்னேரியைத் தாண்டி, கடலோரப் பழவேற்காடு ஏரியில் வந்து விழும். அந்த ஆற்றோரப் பள்ளத்தில்தான் எங்கள் காலனி. 2015 வெள்ளத்தின்போது நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். ரேஷன் அட்டையையும் புத்தகப் பையையும் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அங்கே ஊர்த்தெருக்காரர்களுக்கு வகுப்பறை. எங்களுக்குச் சாரலடிக்கும் தாழ்வாரம்.

மூழ்கிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது பயிரிட்டவர்களுக்கு. அதே வயலில் நாற்று நட்ட எங்கள் அம்மாக்கள் இழந்த அறுப்புக் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அன்றைய பிள்ளைகள் சிலர் இன்று மணவாள நகரில் வாடகைக்கு இருந்து கம்பெனி வேலைக்குப் போகிறோம். ஐப்பசி பிறந்தால் மனசு ஊரில்தான். மேட்டில் வீட்டுமனைப் பட்டா, கூலி இழப்புக்கும் நிவாரணம்: அடுத்த மழைக்கு முன் இந்த இரண்டும் வேண்டும்.